விசையை விட்டால் திரும்பாது: பத்து பெரிங்கியில் ஜெட் ஸ்கி

பினாங்குத் தீவின் பத்து பெரிங்கிக் கடற்கரையில் ஜெட் ஸ்கி ஓட்ட ஆசைப்பட்டு வரும் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஏற்கெனவே மோட்டார் சைக்கிள் நன்றாக ஓட்டுகிறவர்கள். பதினாறு, பதினேழு வயதிலேயே லைசென்ஸ் எடுத்து, பட்டர்வொர்த்துக்கும் தீவுக்கும் பாலத்தில் போய் வருகிற கைகள். அந்தக் கைப்பழக்கம்தான் எனக்குக் கவலை. சாலையில் அவர்கள் உயிரைக் காப்பாற்றுகிற பழக்கமே தண்ணீரில் அவர்களுக்கு எதிராக வேலை செய்கிறது. ஜெட் ஸ்கி பற்றி யாராவது என்னிடம் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன், மற்றதெல்லாம் அப்புறம்.

சாலையில் திடீரென்று ஏதாவது குறுக்கே வந்தால் என்ன செய்வோம்? யோசிப்பதற்கு முன்பே கை எண்ணெயை, அதாவது ஆக்சிலரேட்டரை, விட்டுவிடும், பிரேக்கைப் பிடிக்கும், ஹேண்டலை ஒடிக்கும். வாடகைக்குக் கிடைக்கும் ஜெட் ஸ்கிகளில் பெரும்பாலானவற்றில் பிரேக் இருக்காது. வண்டியை முடுக்கும் விசையை விட்டதும் வேகம் குறையத் தொடங்கும், ஆனால் திருப்பும் சக்தியும் அதோடு போய்விடும். ஹேண்டலை முழுவதும் ஒடித்தாலும் வண்டி எந்தப் பக்கம் பார்த்துப் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கமே போகும். முன்னால் ஒரு மனிதர் நீந்திக்கொண்டிருந்தால் நேராக அவர் மேல்.

காரணம் அதன் அமைப்பு. அடியில் ஒரு கம்பித் தடுப்பு வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கிறது. உள்ளே விசிறிபோல் சுழலும் இம்பெல்லர் அந்தத் தண்ணீரைப் பின்னால் உள்ள குழாய் வழியாக வேகமாகப் பீய்ச்சுகிறது. ஹேண்டலைத் திருப்பும்போது திரும்புவது அந்தக் குழாயின் முனை மட்டும்தான். படகுக்கு இருப்பதுபோல் சுக்கான் கிடையாது. தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தால்தான் திரும்பும். பீய்ச்சுவது நின்றால் ஹேண்டல் வெறும் கம்பி.

சீ-டூ என்ற பெயரில் வரும் ஜெட் ஸ்கிகளில் 2009ஆம் ஆண்டில் பிரேக் போல வேலை செய்யும் அமைப்பு வந்தது, பிற்பாடு யமஹாவும் தன் முறையில் ஒன்றைத் தந்தது. இப்படிப்பட்ட வண்டி கைக்குக் கிடைத்தால் நல்லது. ஆனால் கடற்கரையில் நிற்கும் பழைய வண்டியில் அது இருக்கும் என்று எண்ணிப் புறப்படக் கூடாது.

எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் பத்து பெரிங்கிக்கு அடுத்த ஊரான தெலுக் பஹாங்கில் பிறந்து வளர்ந்த ஓர் அண்ணன். பல வருடம் படகு வேலை பார்த்தவர். அவர் என்னை முதலில் வேகமாக ஓட்டவே விடவில்லை. ஆள் நடமாட்டமே இல்லாத இடத்துக்கு வெளியே கூட்டிப்போய், மிதமான வேகத்தில் போகச் சொல்லி, பின்னால் உட்கார்ந்துகொண்டு கத்தினார்: “தம்பி, இப்ப எண்ணெய விடு. ஹேண்டல இடது பக்கம் முழுசா ஒடி.”

ஒடித்தேன். வண்டி திரும்பவில்லை. உடம்பு திரும்பிவிட்டது, வண்டி நேராகப் போனது.

“எங்க போகுது?” என்றார்.

“நேரா போகுதுண்ணா.”

“நல்லா பாத்துக்க. இப்ப ஒடிச்ச மாதிரியே வச்சுக்கிட்டு லேசா அழுத்து.”

விரலால் கொஞ்சம் அழுத்தியதும் பின்பக்கம் வழுக்கி, முன்பக்கம் இடது பக்கம் திரும்பியது. இதையே திரும்பத் திரும்பச் செய்யவைத்தார். எதிரில் ஏதோ இருப்பதாக நினைத்துக்கொள், விடாதே, திருப்பு, அழுத்து. கை பழகும்வரை விடவில்லை. இதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. வெற்றுக் கடலில் ஒருமுறை விசையை விட்டுப் பார்த்து, வண்டி சொன்ன பேச்சு கேட்காமல் நேராகப் போவதை உடம்பு உணர்ந்தால்தான் புரியும். யார் முதல்முறை ஏறினாலும் அவர்கள் செய்ய வேண்டிய முதல் பயிற்சி இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னொன்றையும் அவர்தான் காட்டினார். மோட்டார் சைக்கிளில் எண்ணெயை முறுக்குவோம். ஜெட் ஸ்கியில் அது ஹேண்டலுக்கு அருகே விரலால் இழுக்கும் அல்லது கட்டைவிரலால் அழுத்தும் விசை. பயந்தால் மனிதக் கை இறுக மூடிக்கொள்ளும். மூடினால் விசை அழுந்தும், வண்டி பாயும். முதல்முறை ஏறுகிறவர் அலையில் ஒரு தூக்கு தூக்கியதும் ஹேண்டலை இறுகப் பிடித்து, அதனாலேயே இன்னும் வேகமாகப் போய், அதைக் கண்டு இன்னும் இறுகப் பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். விசையில் ஒரு விரல் மட்டும், மற்ற விரல்கள் ஹேண்டலில் என்று வைத்துக்கொள்வது பெரிய உதவி.

தூரக் கணக்கு ஒன்று சொல்கிறேன். மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது சாலையில் சாதாரண வேகம். அந்த வேகத்தில் ஒரு விநாடிக்கு கிட்டத்தட்ட 14 மீட்டர் போகிறோம். முன்னால் இருப்பதைக் கண்டு, முடிவெடுத்து, கை அசைவதற்குள் இரண்டு விநாடி போனால் 28 மீட்டர் கடந்தாயிற்று, இன்னும் எதுவுமே நடக்கவில்லை. பெரிய வண்டிகள் முழு வேகத்தில் போய் விசையை விட்டால் தானாக நிற்க 90 மீட்டர் அளவுக்குக்கூடத் தண்ணீர் வேண்டும். ஆளில்லாமலே 300 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டிகள் இவை. அதனால் முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் நடுவே ஒரு கால்பந்துத் திடல் அளவு இடம் விட வேண்டும் என்பது என் கட்டாய விதி.

அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1998இல் ஜெட் ஸ்கி போன்ற வண்டிகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. மற்ற உல்லாசப் படகு விபத்துகளில் மனிதர்கள் பெரும்பாலும் மூழ்கி இறக்கிறார்கள். இந்த வண்டிகளில் மட்டும் மோதலில் அடிபட்டே அதிகம் பேர் இறந்தார்கள் என்று அது சொன்னது. நம் வீட்டில் அம்மாக்களும் பாட்டிகளும் கடல் என்றதும் “மூழ்கிடப் போற, ஜாக்கிரதை” என்பார்கள். ஜெட் ஸ்கி ஏறும் பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை “யார்மேலும் மோதிடாத, உன்மேல யாரும் மோத விடாத” என்பதே.

என் அக்கா மகன் ஒரு பள்ளி விடுமுறையில் நண்பர்களோடு போனான். இரண்டு வண்டி எடுத்தார்கள். வாடகைக்குத் தந்தவர்கள் சொன்னது, இதை அழுத்தினால் போகும், நேரம் முடிந்ததும் வந்துவிடுங்கள், அவ்வளவுதான். பையன்கள் ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் அடித்து விளையாட ஆரம்பித்தார்கள். முன்னால் போனவன் பின்னால் திரும்பிப் பார்க்க விசையை விட்டான். பின்னால் வந்தவன் அருகில் வந்து சட்டென்று திருப்பித் தண்ணீர் அடிக்கத் தயாராக இருந்தான். முன்வண்டி மெதுவானதைப் பார்த்ததும் இவனும் பயந்து விசையை விட்டு ஹேண்டலை ஒடித்தான். அதற்குமேல் சொல்லத் தேவையில்லை. முன்னால் இருந்த பையனின் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது, பிளேட் வைக்க வேண்டியதாயிற்று. அந்தப் பையன்கள் எல்லாருமே நல்ல ஓட்டுநர்கள், சாலையில். என் அக்கா மகன் என்னிடம், “மாமா, அவன் விட்டுட்டான், திருப்பவும் செஞ்சான், ஆனா அது திரும்பல” என்று அழுதுகொண்டே சொன்னான். அன்றைக்கு அந்தப் பிள்ளைகளுக்கு இந்த ஒரு விஷயத்தை இரண்டு நிமிடம் செலவிட்டு யாராவது காட்டியிருந்தால் போதும். அதை நினைக்கும்போது இன்னும் கோபம் வருகிறது.

தண்ணீர் அடித்து விளையாடுவது, அலையைக் குறுக்கே தாண்டுவது, வேறு படகு பின்னால் எழுப்பும் அலையில் குதிப்பது, இந்த மூன்றும் ஜெட் ஸ்கி ஓட்டுகிறவர்களுக்குப் பெரிய இழுப்பு. மூன்றிலும் இன்னொருவருக்கு மிக அருகில் போகிறோம். நண்பர்களோடு போனால் கரையிலேயே பேசி முடிவு செய்யுங்கள்: யாரும் யாரையும் துரத்துவதில்லை. சரி என்று சொல்லாதவரைக் கூட்டிப்போகாதீர்கள்.

நேருக்கு நேர் வந்தால் இருவரும் அவரவர் வலது பக்கம் ஒதுங்க வேண்டும். மலேசியாவில் சாலையில் இடது பக்கம் ஓட்டிப் பழகிய நமக்கு இது தலைகீழ், அதனால் கரையிலேயே ஒருமுறை கையை நீட்டி மனதில் பதித்துக்கொள்வது நல்லது. குறுக்கே வரும் படகு உங்கள் வலப்பக்கத்திலிருந்து வந்தால் வழி விட வேண்டியது நீங்கள். திரும்புவதற்கு முன் தோள்மேல் பின்னால் பார்க்க வேண்டும். தண்ணீரில் சிக்னல் விளக்கு கிடையாது, கண்ணாடியில் தெரிவதும் கொஞ்சமே.

உடை விஷயத்துக்கு வருகிறேன். இதில் நம் பெண்களுக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, கடற்கரையில் யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை.

குடும்பமாகப் போகும்போது அக்கா, அத்தை, மைத்துனி எல்லாரும் சுடிதாரோடு “சும்மா ஒரு சுத்து” என்று பின்னால் ஏறிவிடுவார்கள். துப்பட்டாவைக் கழற்றாமல் ஏற விடாதீர்கள். நீண்ட பின்னலைச் சுருட்டிக் கொண்டையாக இறுக்கிக் கட்ட வேண்டும். தண்ணீரில் விழுந்து வண்டிக்கு அருகில் இருக்கும்போது, அடியில் தண்ணீரை இழுக்கும் அந்தக் கம்பித் தடுப்பு துணியையும் முடியையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது யாரும் வண்டியின் அடிப்பக்கத்துக்கோ பின்பக்கத்துக்கோ போகக் கூடாது.

அடுத்தது இன்னும் முக்கியம். பின்னால் உட்கார்ந்தவர் வண்டி பாயும்போது பின்பக்கமாக வழுக்கி விழுந்தால், பீய்ச்சும் தண்ணீர் நேராக அவர் இடுப்புக்குக் கீழே அடிக்கும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் உடலின் துவாரங்களுக்குள் புகுந்து உள்ளுறுப்புகளைக் கிழிக்கக்கூடும். ஆண், பெண் இருவருக்கும் இது பொருந்தும், பெண்களுக்கு ஆபத்து கூடுதல். தயாரிப்பு நிறுவனங்கள் வண்டியில் ஒட்டும் எச்சரிக்கைச் சீட்டிலேயே இது எழுதியிருக்கிறது. வெட்சூட்டின் கீழ்ப்பகுதி, அதாவது தடித்த நியோப்ரீன் ரப்பர் கால்சட்டை போடச் சொல்கிறார்கள். சாதாரண நீச்சல் உடையோ சுடிதார் பேன்ட்டோ இதைத் தடுக்காது. வெட்கப்பட்டுச் சொல்லாமல் விடுகிற விஷயம் இல்லை இது. பின்னால் ஏறுகிற தங்கையிடமும் மனைவியிடமும் நேராகச் சொல்லிவிடுங்கள். பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவரின் லைஃப் ஜாக்கெட்டை அல்லது இடுப்பை இறுகப் பிடித்து, கால் இரண்டையும் மிதிதளத்தில் ஊன்றிக்கொண்ட பின்புதான் கிளம்ப வேண்டும். கிளம்புவதும் மெதுவாக.

லைஃப் ஜாக்கெட் ஓட்டுகிறவர், பின்னால் இருப்பவர் இருவருக்கும் வேண்டும், எல்லா வாரும் பூட்டியிருக்க வேண்டும். பூட்டிய பிறகு தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காதுவரை ஏறினால் அது பெரிய அளவு, தண்ணீரில் முகத்தை மறைத்துக்கொண்டு கழன்றுவிடும், வேறு கேளுங்கள். காற்று நிரம்பும் வகை ஜெட் ஸ்கிக்கு ஏற்றதல்ல, நுரை நிரப்பியதே வேண்டும்.

சிவப்புச் சுருள் கயிறு ஒன்று கொடுப்பார்கள். அதன் ஒரு முனை கில் சுவிட்சில், மறுமுனை உங்கள் மணிக்கட்டில் அல்லது ஜாக்கெட்டில். நீங்கள் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு என்ஜின் நின்றுவிடும். அதை ஹேண்டலில் சுற்றி வைத்துவிட்டு ஓட்டுகிறவர்களைக் காணும்போதெல்லாம் பகீர் என்கிறது. ஆள் தண்ணீரில் கிடக்க, வண்டி தன்பாட்டில் போய்விட்டால் அது அவருக்கும் ஆபத்து, அங்கே குளிக்கிற குழந்தைகளுக்கும் ஆபத்து.

விழுவது சாதாரணம், அதற்குப் பயப்பட வேண்டாம். விழுந்தால் எப்படி மறுபடி ஏறுவது என்பதைக் கரைக்கு அருகிலேயே பழகிவிட வேண்டும். எப்போதும் பின்பக்கமாக, என்ஜின் நின்ற நிலையில். பக்கவாட்டில் ஏற முயன்றால் வண்டி உங்கள்மேல் கவிழும். இருவர் என்றால் ஓட்டுகிறவர் முதலில் ஏறி உட்கார்ந்த பிறகு மற்றவர். ஜாக்கெட்டோடும் நனைந்த துணியோடும் உடம்பைக் கையால் தூக்கி ஏற்றுவது லேசான வேலை இல்லை. கொஞ்சம் வயதானவர்களுக்கும் எடை கூடியவர்களுக்கும் ஏறுபடி உள்ள வண்டியாகக் கேட்டு வாங்குங்கள். வண்டி முழுவதும் கவிழ்ந்துவிட்டால் பின்பக்கத்தில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைச் சீட்டில் அம்புக்குறி இருக்கும். அது காட்டும் திசையில்தான் புரட்ட வேண்டும், மாற்றிப் புரட்டினால் தண்ணீர் என்ஜினுக்குள் போய்விடும்.

இனி பத்து பெரிங்கிக் கடலைப் பற்றி. அங்கே ஜெட் ஸ்கி மட்டும் ஓடவில்லை. வாழைப்பழ வடிவ மிதவைப் படகில் ஆட்களை ஏற்றி இழுத்துக்கொண்டு போவார்கள். பாராசெய்லிங் ஆட்களைக் கடற்கரையிலிருந்தே கிளப்பி, படகில் கயிறு கட்டி இழுப்பார்கள். மேலே பறக்கும் குடை கண்ணுக்குத் தெரியும், படகும் தெரியும், நடுவில் உள்ள கயிறு தூரத்தில் தெரியாது. குடைக்கும் படகுக்கும் நடுவே புகவே கூடாது. அந்தப் படகு கரையை நோக்கித் திரும்பும்போதும் இடம் விட்டு விலகியே இருங்கள்.

தெலுக் பஹாங் பக்கம் போகப் போக மீனவர்களின் வலை வரும். கொடி கட்டிய மிதவையோ வெறும் பிளாஸ்டிக் புட்டியோ மிதந்தால் அதன் அடியில் கயிறு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது அவர்கள் சோறு, அது கிழிந்தால் அவர்களுக்கு நஷ்டம், இம்பெல்லரில் சுற்றிக்கொண்டால் உங்களுக்கும். சுற்றிக்கொண்டால் என்ஜினை நிறுத்தி, கில் சுவிட்ச் கயிற்றைக் கழற்றிய பிறகே கையை அருகில் கொண்டுபோகலாம். நடுக்கடலில் இதற்கு உதவி கேட்பதே மேல். மாசி மகத்தன்று தெலுக் பஹாங்கில் தெப்பத்தைப் பார்க்கக் கரையோரம் மக்கள் நிறைந்திருப்பார்கள், தண்ணீரில் விளக்குகள் மிதக்கும். அந்த நாளில் அந்தப் பக்கமே ஜெட் ஸ்கி கொண்டுபோகாதீர்கள்.

கடல் இறங்கியிருக்கும் நேரத்தில் கரையோரம் தண்ணீர் மிகக் குறைவு. இடுப்பளவு தண்ணீருக்கு வந்த பிறகே என்ஜினைக் கிளப்புவது நல்லது. அதற்குள் கிளப்பினால் மணலும் கிளிஞ்சலும் உள்ளே இழுபடும். இரு ஓரங்களிலும் பாறைகள் உண்டு, பினாங்கின் வடகரைத் தண்ணீர் கலங்கலாக இருப்பதால் மூழ்கிய பாறை தெரியாது.

சொறிமீனும் உண்டு, பெட்டி வடிவச் சொறிமீன் உட்பட. அதன் கொட்டு உயிருக்கே ஆபத்தானது. கொட்டினால் தேய்க்காதீர்கள், நன்னீரால் கழுவாதீர்கள். வினிகர் தாராளமாக ஊற்றி, உடனே மருத்துவமனை. குடும்பமாகப் போகும்போது பையில் ஒரு புட்டி வினிகர் வைத்துக்கொள்வது என் வழக்கம்.

வானிலைக்கு எனக்கு ஓர் அடையாளம் இருக்கிறது. வானம் தெளிவாக இருந்தால் பத்து பெரிங்கியிலிருந்து கடலுக்கு அப்பால் கெடாவின் குனோங் ஜெராய் தெரியும். அந்தக் காலத்தில் கடாரத்துக்கு வந்த கப்பலோட்டிகளுக்கு அடையாளமாக நின்ற மலை. அந்த மலை கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பல் நிறத்தில் மறைய ஆரம்பித்தால் மழை அந்தப் பக்கம் வந்துவிட்டது, நான் கரைக்குத் திரும்பிவிடுவேன். ஆனால் மேற்கிலிருந்து, சுமத்ரா பக்கத்திலிருந்து வரும் புயல்மழையை இந்த மலை சொல்லாது. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் விடியற்காலையிலும் காலையிலும் அது வரிசை கட்டி வரும், காற்று திடீரென்று ஏறும். அதனால் ‘மைசுவாச்சா’ செயலியில் மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் எச்சரிக்கையைப் பார்த்துவிட்டே கிளம்புகிறேன். இடிச் சத்தம் காதில் விழுந்தால் மின்னல் தாக்கும் தூரத்தில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆனபிறகுதான் மறுபடி தண்ணீர்.

குழந்தைகள் பற்றிக் கேட்பார்கள். தயாரிப்பு நிறுவனங்கள் ஓட்டுவதற்குக் குறைந்தது 16 வயது என்கின்றன. அதைத் தளர்த்த எனக்கு மனமில்லை, பிள்ளை எவ்வளவு அடம்பிடித்தாலும். பின்னால் உட்காரும் குழந்தைக்குக் கால் மிதிதளத்தில் எட்ட வேண்டும், முன்னால் இருப்பவரைக் கட்டிப்பிடிக்கும் பலம் வேண்டும். அது இல்லாத குழந்தையை ஏற்ற வேண்டாம். ஓட்டுகிறவருக்கு முன்னால், ஹேண்டலுக்கும் அவருக்கும் நடுவே குழந்தையை உட்காரவைப்பதைப் பாசத்தோடு செய்கிறார்கள். வண்டி சட்டென்று வேகம் குறைந்தால் குழந்தையின் முகம் ஹேண்டலில் மோதும். பீர் குடித்தவர் ஓட்டக் கூடாது என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

வாடகைக்கு எடுக்கும்போது பத்து, இருபது வெள்ளி குறைகிறதா என்று பேரம் பேசுவதற்கு முன், விசையை விட்டால் வண்டி எப்படி நிற்கும் என்று கேளுங்கள். பதில் தெளிவாகச் சொல்லி, தண்ணீரில் காட்டித் தருகிறவரிடம் எடுங்கள். எவ்வளவு தூரம் போகலாம், எந்தப் பக்கம் போகக் கூடாது, உதவி வேண்டுமானால் எப்படிக் கூப்பிடுவது என்றும் கேளுங்கள். வண்டியைச் சுற்றி ஏற்கெனவே இருக்கும் கீறல்களைக் கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள். திரும்பி வந்தபின் யாருடைய கீறல் என்று வாக்குவாதம் வராது.

கைப்பேசியைத் தண்ணீர் புகாத உறையில் போட்டு கழுத்தில் மாட்டாமல் ஜாக்கெட்டுக்குள் வையுங்கள். ஜாக்கெட்டில் ஒரு விசிலும் கட்டிக்கொள்ளுங்கள், ஈரக் கையால் தொடுதிரை வேலை செய்யாத நேரத்தில் அதுதான் குரல். வண்டி நடுக்கடலில் நின்றுபோனால் கரை பக்கத்தில் தெரிகிறதே என்று நீந்தத் தொடங்காதீர்கள். வண்டி மிதக்கும், தூரத்திலிருந்து கண்ணுக்கும் தெரியும். அதன்மேலேயே இருந்து, இரண்டு கையையும் மேலும் கீழுமாக அசையுங்கள், விசில் ஊதுங்கள், அவசர எண் 999ஐக் கூப்பிட்டு எந்தக் கடற்கரைக்கு எதிரே இருக்கிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். அவர்கள் மலேசியக் கடல்சார் அமலாக்க நிறுவனத்துக்குத் தகவல் கொடுப்பார்கள்.